ட்யூனர் கார்டிலிருந்து செட்டாப் பாக்ஸ் வரை: தாம்பரம் வட்டாரத்தில் வீட்டுக் கணினிவழித் தொலைக்காட்சிப் பதிவு

தமிழகத் தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் ஒளிபரப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தூர்தர்ஷன், 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி என்று நிலையங்கள் தொடங்கிய நாட்கள் அதில் வரிசையாக வரும். கம்பி வீட்டுக்குள் நுழைந்தபின் நடந்தவை வருவதில்லை. 1990களின் இறுதியிலிருந்து 2017 வரை, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற தென்சென்னைப் புறநகர்களில் கணினி வைத்திருந்த வீடுகள் அதையே தொலைக்காட்சியாகவும் பதிவுக் கருவியாகவும் மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்த வசதி எப்படி வந்தது, எதனால் போனது என்பதே இக்கட்டுரையின் பொருள். இணையம் வந்ததால் போயிற்று என்பதே பொதுவான விளக்கம். அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் வேலை வீட்டுக் கருவியிடமிருந்து கேபிள் நிறுவனத்தின் பெட்டிக்குக் கைமாறியதே முதன்மைக் காரணம் என்பது என் வாதம்.

வீட்டுப் பதிவு வீடியோ கேசட்டில் தொடங்கியது. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தபோது வி.சி.ஆர். கருவிகளும் இந்தியாவில் பரவின. தாம்பரத்தையும் கடற்கரை நிலையத்தையும் இணைக்கும் மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. அந்தப் பாதையின் வடக்கு முனையில் இறங்கினால் பர்மா பஜார். வெளிநாட்டுக் கருவிகளும் காலிக் கேசட்டுகளும் அங்கே கிடைத்தன. ஆனால் ஒரே அலைவரிசை இருந்த காலத்தில் பதிவுக்குத் தேவை குறைவு; வி.சி.ஆர். பெரும்பாலும் வாடகைப் படக் கேசட்டுகளுக்கே பயன்பட்டது. 1991க்குப் பிறகு கேபிள் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்களில் பார்க்கத் தக்கவை ஓடத் தொடங்கிய பிறகுதான், ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றதைப் பதிவது என்ற விருப்பத்துக்கு அர்த்தம் ஏற்பட்டது.

அந்தக் கால கேபிளின் தொழில்நுட்ப இயல்பை இங்கே கவனிக்க வேண்டும். கேபிள்காரர் தன் கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு நிலையத்தையும் ஓர் அதிர்வெண்ணில் ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே கோ-ஆக்சியல் வயரில் திறந்த நிலையில் அனுப்பினார். கட்டணம் கட்டிய வீட்டுக்குள் வந்த வயரில் அத்தனை நிலையங்களும் ஒருசேர இருந்தன. அதிலிருந்து எதைப் பிரித்தெடுப்பது, எத்தனை கருவிகளுக்குப் பங்கிடுவது என்பது வீட்டின் முடிவு. சில ரூபாய் ஸ்ப்ளிட்டர் ஒன்று போதும். கூடத்து டிவிக்கு ஒரு முனை, கணினிக்கு ஒரு முனை.

கணினியின் பக்கம் வழியைத் திறந்தது புரூக்ட்ரீ நிறுவனத்தின் பிடி848 சில்லும், அதன் வழிவந்த பிடி878 சில்லும். தொலைக்காட்சிப் படத்தை இலக்கமாக்கி நேரே கணினியின் நினைவகத்துக்கு அனுப்பும் திறனை இவை மலிவாக்கின. பிக்சல்வியூ போன்ற தைவான் தயாரிப்புகளும் வேறு பல பெயர்களில் வந்த ட்யூனர் கார்டுகளும் இதே சில்லுகளையோ பிலிப்ஸின் எஸ்ஏஏ713எக்ஸ் வரிசையையோ கொண்டவை. தாம்பரத்துக்காரருக்கு அவை கிடைத்த இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. கணினியையே உதிரிகளாக வாங்கி அசெம்பிள் செய்த வாடிக்கையாளர், பிசிஐ ஸ்லாட் காலியாக இருந்தால் ட்யூனர் கார்டையும் சேர்த்துக்கொண்டார்.

பொருத்திய பிறகும் வேலை இருந்தது. இந்தியா பால்-பி/ஜி முறையைச் சேர்ந்தது; ஒலி, படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். சீனாவின் டி/கே முறையில் அந்த இடைவெளி 6.5. மென்பொருளில் நாட்டைத் தவறாகத் தேர்ந்தால் படம் தெளிவாக வரும், ஒலி இரைச்சலாக இருக்கும். பல அட்டைகளில் ஒலி தனியே வெளிவந்ததால், ஒரு சிறு வயரால் அதை சவுண்டு கார்டின் லைன்-இன் துளைக்குக் கொண்டுபோக வேண்டும். பதிவு மூலமாக லைன்-இன்னைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கிடைப்பது ஊமைப்படம். இந்த நுணுக்கங்களைப் பதிவுசெய்வது அவசியம் என்று நினைக்கிறேன். பார்வையாளர் ஒளிபரப்பின் உள்ளமைப்பைக் கையால் தொட்டுக் கற்றுக்கொண்ட காலம் அது. அந்த அறிவின் நிறுவனமும் அருகிலேயே இருந்தது: மின்னணுவியலுக்குப் பெயர்பெற்ற மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.) 1949 முதல் குரோம்பேட்டையில் இருக்கிறது. கணினியைத் தமிழில் சலிக்காமல் விளக்கி எழுதிய சுஜாதா அங்கே படித்தவர்.

பதிவின் அளவைத் தீர்மானித்தது ஹார்டு டிஸ்க். பால் முறையின் முழுப்படத்தைச் சுருக்காமல் சேமித்தால் விநாடிக்கு ஏறத்தாழ 20 மெகாபைட். அன்றைய வட்டுகளுக்கு அது தாங்காத சுமை. எனவே பதியும்போதே சுருக்க வேண்டும், அந்தச் சுமை முழுவதும் பிராசஸர்மேல் விழும். கைகொடுத்தது வி.சி.டி.க்குரிய எம்பெக்-1 வடிவம். 352க்கு 288 புள்ளிகள், மணிக்கு ஏறத்தாழ 600 மெகாபைட். 40 ஜிபி வட்டில் இந்த முறையில் அறுபது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். டிவிடி தரத்தில் என்றால் பதினைந்து மணி நேரம்கூட வராது. தமிழகத்தில் வி.சி.டி. பிளேயர்கள் பரவியிருந்ததால், பதிந்ததை சிடியில் எழுதிக் கூடத்து டிவியிலேயே போட்டுப் பார்க்க முடிந்தது. ஒரு சிடியில் 80 நிமிடம். இரண்டரை மணிப் படத்துக்கு இரண்டு சிடி. 'சித்தி', 'மெட்டி ஒலி' போன்ற தொடர்களின் ஒரு வாரத்து அத்தியாயங்களும் அப்படித்தான் இரண்டு வட்டுகளில் அடங்கும்.

ரிச்சி தெருக் கடைகளில் விற்ற இன்னொரு கருவியோடு ட்யூனர் கார்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சி.பி.யு.வுக்கும் மானிட்டருக்கும் இடையே வைக்கும் வெளிப்புற ட்யூனர் பெட்டி, கணினியை இயக்காமலே மானிட்டரை டிவியாக்கியது. படம் கணினிக்குள் போகவே போகாது என்பதால் பதிவுக்கு அதில் வழியில்லை.

லினக்ஸ் உலகில் பிடிடிவி இயக்கி பிடி848, பிடி878 சில்லுகளை ஆதரித்தது. 2002இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய மித்டிவி என்ற பதிவு மென்பொருள், தொடரின் பெயரைச் சொன்னால் தானே பதிந்துவைக்கும் நிலைக்கு வளர்ந்தது. 2005இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையம், சி-டாக் சென்னையுடன் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தின் பணியை ஏற்றது. கருவியும் அறிவும் ஆக ஒரே ரயில் பாதையில் இருந்தன. குறை வேறிடத்தில். மித்டிவிக்கு நிகழ்ச்சி நிரல் கணினி படிக்கும் வடிவில் வேண்டும். அனலாக் கேபிளில் அது வரவில்லை. நாளிதழில் நேரத்தைப் பார்த்துக் கையால் குறித்துவைப்பதே நடைமுறை.

2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் சி.ஏ.எஸ். (நிபந்தனை அணுகல்) முறை நடைமுறைக்கு வந்தது. அப்போது இந்தியாவில் அது நிலைத்த ஒரே பெருநகரம் சென்னை. கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயம். இலவச அலைவரிசைகள் மாதம் 72 ரூபாய் அடிப்படைக் கட்டணத்தில், பெட்டி இல்லாமல், பழையபடி திறந்தே வந்தன. அதனால் ட்யூனர் கார்டு உடனே சாகவில்லை. 2012 அக்டோபர் 31 கெடுவோடு தில்லியும் மும்பையும் முழு டிஜிட்டலுக்கு மாறியபோதும் சென்னையில் விவகாரம் உயர் நீதிமன்றத்தில் நின்றது. தமிழக அரசின் கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. பூட்டு முதலில் வந்த நகரத்திலேயே திறந்த வயரும் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது.

பெட்டி வந்த வீட்டில் மாறியது இதுதான்: சமிக்ஞை மறையாக்கம் செய்யப்பட்டு வந்தது, அதை அவிழ்க்கும் சாவி பெட்டிக்குள் இருந்தது, பெட்டியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு நிலையம் மட்டுமே வெளிவந்தது. கார்டின் ட்யூனருக்கு வேலை போயிற்று. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. வயர்களை வாங்கும் துளை மட்டும் மிஞ்சியது. நேரம் குறித்துப் பதிய வேண்டுமானால் ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் கருவியைக் கணினியில் இணைத்துப் பெட்டியை மாற்றவைக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றதைப் பதிய இரண்டாவது பெட்டி, இரண்டாவது சந்தா. பதிவு வசதியை நிறுவனங்களே பின்னர் விற்றன. 2008இல் வந்த டாடா ஸ்கை பிளஸ் அத்தகையது. அதில் பதிந்தது அந்தப் பெட்டியிலேயே இருக்கும், கணினிக்கு எடுத்துச் செல்ல முடியாது.

இந்த மாற்றத்தைச் சட்டம் கேட்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் சோனி வழக்கில், வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமில்லை என்று 5–4 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் வழக்கே தேவைப்படவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்தப் பயனுக்காக ஒளிபரப்பைப் பதிவதை மீறலாகக் கொள்வதில்லை. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் அதே விலக்கு உண்டு. அந்த அனுமதி ஏட்டில் இன்றும் அப்படியே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வழியைப் பெட்டியின் வடிவமைப்பு எடுத்துக்கொண்டது. நாடாளுமன்றம் கொடுத்ததை ஒரு கருவி சத்தமில்லாமல் திரும்பப் பெற்றது எனக்கு ஏற்புடையதல்ல.

வீட்டுப் பதிவின் இழப்பு ஆவணக் காப்பகக் கேள்வியும்கூட. நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது பிபிசி போன்ற பெரிய நிறுவனங்களிலேயே ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி பல பத்தாண்டுகள் தன் வீட்டில் இடைவிடாமல் பதிந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கேசட்டுகள் இன்று இன்டர்நெட் ஆர்க்கைவிடம் உள்ளன. தாம்பரம் வீடுகளின் பரண்களில் இருக்கும் சிடிக்களிலும் பழைய ஐடிஇ வட்டுகளிலும் உள்ளூர் கேபிள் சேனலின் கடை விளம்பரங்கள், தேர்தல் இரவுச் செய்திகள், மழை வெள்ள அறிவிப்புகள் ஆகியவை இருக்கக்கூடும். வேறெங்கும் சேமிக்கப்படாதவை இவையே. ஒளிபரப்பு உரிமைக்கு ஆயுள் 25 ஆண்டு. தொடர்களின், படங்களின் பதிப்புரிமைக்கு 60. ஆகவே எல்லாவற்றையும் பொதுவில் வைக்க முடியாது. ஆனால் ஆய்வுக்கெனச் சேர்த்துவைக்கத் தடையில்லை. அச்சுநூல்களுக்காகத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் செய்துவருவதை ஒளிபரப்புக்கும் செய்யும் ஓர் அமைப்பு தேவை. எழுதக்கூடிய சிடியின் சாயப் பூச்சு சென்னை வெக்கையில் விரைவாகக் கெடுகிறது. பதிந்தவர்கள் இருக்கும்போதே, விளம்பரங்களை வெட்டாமல், நிலையமும் தேதியும் குறித்து அவற்றைப் படியெடுக்க வேண்டும்.