14 பைட்டுல அடங்காத ஓசூர்

ஓசூர்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு எல்எஸ் கமாண்டோட கதை.

1979-ல வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புல டைரக்டரியும் ஒரு ஃபைல்தான். ஒவ்வொரு பதிவும் 16 பைட்: ஐநோட் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. எல்எஸ் அதை ரீட் சிஸ்டம் கால் வச்சு நேரா வாசிக்கும். சைஸ், தேதி, உரிமையாளர் விவரம் ஐநோட்ல இருக்கும். அதுக்கு ஒவ்வொரு பெயருக்கும் ஸ்டாட் கால் தனியா போகணும்.

இப்ப நம்ம ஊர்ப் பெயரை அதுல வச்சுப் பாருங்க. யூடிஎஃப்-8ல ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். ஓ, ச, ஊகாரக் குறி, ர, புள்ளி: மொத்தம் 15. ஒரு பைட் இடிக்குது! கிருஷ்ணகிரிக்கு 33 வேணும்.

1983-ல 4.2 பிஎஸ்டி இந்த வரம்பை 255 பைட்டா உயர்த்தினது. பதிவோட நீளம் பெயருக்கேத்த மாதிரி மாறினதால, நேரா வாசிக்கிறதுக்குப் பதிலா ஓப்பன்டிர், ரீட்டிர் ஃபங்ஷன்கள் வந்தன.

இடம் கிடைச்சாச்சு, எழுத்து? கர்னல் ரெண்டு பைட்டைத்தான் பெயருக்குள்ள விடாது: பாதையைப் பிரிக்கிற சாய்கோடு 47, பெயரை முடிக்கிற பூஜ்யம். 1992 செப்டம்பர்ல கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8ஐ வடிவமைச்சப்போ இதைக் கவனிச்சாங்க. தமிழ் எழுத்தோட எல்லா பைட்டும் 127-க்கு மேலதான் வரும். அதனால கர்னலுக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது, ஆனா தமிழ்ப் பெயரை அப்படியே காப்பாத்தும்.

கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் இதே விதிதான். மூணும் புழங்குற இந்த எல்லை ஊர்ல, ஃபோல்டர் பெயரை மட்டும் நாம இன்னும் இங்கிலீஷ்லயே வைக்கிறோம். தடை சிஸ்டத்துல இல்ல, நம்ம பழக்கத்துல.