தூண்டிலும் குத்தகையும்: ஏரியில் நம் பங்கு எது?



முண்டியம்பாக்கம் என்றால் இன்று பலருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களுக்குச் சர்க்கரை ஆலை. ஆனால் இது ஏரிப் பாசன நாடு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ஊருக்கு ஊர் ஏரி உண்டு. அந்த ஏரிகளில் யார் மீன் பிடித்தார்கள், யார் பிடிக்கக் கூடாது என்றார்கள் என்பதும் வரலாறுதான். அது நம் பாடப்புத்தகத்தில் இல்லை.

சேரிப் பெரியவர்களிடம் கேளுங்கள். மாதக் கணக்குப்படி சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது, மீன் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். வாய்க்காலில் மூங்கில் கூடு வைப்பார்கள். தை, மாசியில் தண்ணீர் தெளிந்துவிடும். அது தூண்டில் காலம். சோளத்தட்டையில் தக்கை, முள்ளில் மண்புழு கோத்தால் கெண்டையும் கெளுத்தியும். சிறு தவளை கோத்தால் விரால். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால், அடியில் தாய் விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். சித்திரை, வைகாசியில் ஏரி வற்றும். சேற்றில் கைவிட்டுத் தடவியே பிடிப்பார்கள்.

இந்த அறிவை யார் எழுதி வைத்தார்கள்? சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்த ஆங்கிலேயர் ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1887-இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு நூல். துரை தூண்டில் போட்டால் அது விளையாட்டு.

அதே 1873-இல், மீன்வள அதிகாரி பிரான்சிஸ் டே அரசுக்கு அறிக்கை தந்தார். சிறுகண்ணி வலையும் வாய்க்கால் கூடுகளும் சினை மீனையும் குஞ்சையும் அழிக்கின்றன என்றார். அதில் உண்மையும் உண்டு, மறுக்க வேண்டாம். 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடியும் விஷமும் தடை செய்யப்பட்டன. கூடு, வலைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு வந்தது. ஏழை கூடு வைத்தால் அது அழிவு என்று ஆனது.

இன்னொரு சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரி உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம். மதகு திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி வேலையைப் பல ஊர்களில் நம்மவர்தான் பார்த்தார்கள். கரையைக் காத்தவர்கள் நாம். பாய்ந்த தண்ணீரோ நிலம் உள்ளவருக்குப் போனது. நிலமில்லாதவருக்கு அந்த ஏரியிலிருந்து கிடைத்த பங்கு என்ன? மீனும் நண்டும் நத்தையும்தான்.

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச்சாலை, கிணறு, குளங்களைத் திறந்துவிடத் தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20-இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அரசமைப்பின் 15-ஆம் பிரிவு குளத்தைப் பெயர் சொல்லியே பாதுகாக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொது வளங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது.

பிறகு ஏன் இன்றும் தூண்டிலோடு போகும் பையனை விரட்டுகிறார்கள்? ஏலம். மீன்பாசி குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளை விடுகிறார். அன்றிலிருந்து ஏரியில் உள்ளதெல்லாம் அவருடையது. தூண்டில் போட்டால் திருட்டு. ஆனால் விராலையும் கெளுத்தியையும் அவர் விடவில்லையே! அவை மழையோடு வந்தவை.

"குத்தகை எல்லோரையும்தானே தடுக்கிறது, இதில் சாதி எங்கே?" என்று கேட்பார்கள். ஆயக்கட்டு நிலம் உள்ளவருக்கு ஏலத்துக்குப் பிறகும் தண்ணீர் வருகிறது. நிலமில்லாதவர் தன் ஒரே பங்கை இழக்கிறார். நிலம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். சாதி அங்கே இருக்கிறது.

மாணவர்களே, இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் ஏரி ஊராட்சியுடையதா, நீர்வளத் துறையுடையதா, குத்தகை யாருக்கு, எந்த நிபந்தனையில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அடுத்த கிராம சபையில், வீட்டுக் குழம்புக்காகத் தூண்டில் போடுவோரைத் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனையைக் குத்தகையில் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள்.

அதற்கு முன், உங்கள் தாத்தாவிடமும் ஆயாவிடமும் மீன் பிடித்த கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். துரை எழுதியது நூலகத்தில் இருக்கிறது. நம்முடையதை நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய்பீம்.