மோட்டார் சைக்கிளின் உயரத்தைக் குறைக்கலாமா? ஸ்பிரிங்கில் கைவைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

வீதிச் சமிக்ஞையில் நிறுத்தும்போது கால் நிலத்தை எட்டாமல், மோட்டார் சைக்கிளோடு சேர்ந்து ஒரு பக்கம் சரிந்துவிடுவோமோ என்பது உயரம் குறைந்த ஓட்டுநர்களின் வழக்கமான பயம். முழங்கால் நோவும் இடுப்பு நோவும் உள்ள வயதானவர்களுக்குக் காலைத் தூக்கி மறுபக்கம் போடுவதே சிரமம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இதனால் தமக்கு அளவானதைத் தேடி வாங்க வழியின்றி, அண்ணனோ தகப்பனோ ஓட்டியதையே ஓட்டப் பழகியவர்கள் நம்மிடையே பலர்.

இவர்களில் சிலர் கராஜுக்குச் சென்று சஸ்பென்ஷனைப் பதித்துத் தரும்படி கேட்கிறார்கள். அது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் குறைக்கப்படும் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஈடாக வேறொன்று குறைகிறது. எஞ்சினுக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி, ஷொக் அப்சோபர் அமுங்கும் தூரம், வளைவில் பாதுகாப்பாகச் சரியக்கூடிய அளவு ஆகிய மூன்றும் பாதிக்கப்படும். எனவே செலவில்லாத வழிகளை முதலில் முயன்று, சஸ்பென்ஷனைக் கடைசியாகத் தொடுவதே முறை.

உண்மையில் எவ்வளவு குறைய வேண்டும்?

பஜாஜ் பல்சர் 150 இன் இருக்கை உயரம் 785 மி.மீ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற கரடுமுரடான பாதைக்கான வாகனங்களில் அது 820 மி.மீ. ஐத் தாண்டும். ஆனால் கால் எட்டுவதை இந்த இலக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இருக்கை அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, பாதம் நிலத்தை அடைய வேண்டிய தூரம் கூடிவிடும்.

இரண்டு பாதங்களும் முழுமையாக நிலத்தில் படிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு பாதங்களின் முன்பகுதி பதிந்தால், அல்லது ஒரு பாதம் முழுமையாகப் பதிந்தால் போதும். வீதியின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருப்பதால், இடது ஓரமாக நிறுத்தும்போது இடது காலுக்கு நிலம் இன்னும் கீழே இருக்கும். சமதரையில் எட்டுகிற கால் வீதியோரத்தில் எட்டாமல் போவதற்கு இதுதான் காரணம். நிறுத்தும் இடத்தைப் பார்த்துத் தெரிவு செய்யப் பழகுவதும், அடி தடித்த சப்பாத்து அணிவதும் சிலருக்குப் பிரச்சினையை அத்துடன் தீர்த்துவிடும்.

பின் ஷொக்கில் உள்ள படிகள்

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின் ஷொக்கில் ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தத்தை மாற்றும் படிகள் உள்ளன. அது உயர்ந்த படியில் இருந்தால், எடை குறைந்த ஒருவர் ஏறும்போது வாகனம் போதிய அளவு அமுங்காது. படியைக் குறைத்தால் ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. ஆனால் ஆள் ஏறியதும் வாகனம் சற்றுத் தாழ்ந்து நிற்கும்.

இதை அளந்தே செய்யலாம். பின்சில்லு நிலத்தில் படாதவாறு தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளிவரை அளக்க வேண்டும். பின்னர் ஓட்டுநர் அமர்ந்த நிலையில் அதே தூரத்தை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பின்சில்லு மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை இருப்பது பொதுவான அளவு. மொத்தத் தூரம் 100 மி.மீ. என்றால் வித்தியாசம் 25 முதல் 33 மி.மீ. வரை வரும். அதைவிடக் குறைவாக இருந்தால் படியைக் குறைக்க இடமுண்டு. ஏற்கனவே அதிகமாக இருந்தால், மேலும் குறைப்பது குழிகளில் ஷொக் அடிமுட்டவே வழிசெய்யும்.

இருக்கை

அடுத்த வழி குஷன் வேலை செய்பவரிடம் போவது. இருக்கையின் முன்பகுதியில் ஸ்பொஞ்சை 20 மி.மீ. அளவுக்குக் குறைத்து, இரு ஓரங்களையும் ஒடுக்கினால் கால் நேராகக் கீழே இறங்கும். ஓட்டும் தன்மையில் எந்த மாற்றமும் வராது. அதிகமாக வெட்டினால் நீண்ட பயணத்தில் இடுப்பு நோகும் என்பதே இதிலுள்ள குறை. பழைய இருக்கையை எறிந்துவிடாமல் வைத்திருப்பது நல்லது.

சஸ்பென்ஷனைப் பதிப்பதென்றால்

இவை போதாதபோதே இந்த வேலைக்கு வர வேண்டும். பின்பக்கத்தில் இரண்டு ஷொக் உள்ள வாகனங்களுக்கு நீளம் குறைந்த ஷொக் பொருத்தலாம். ஒற்றை ஷொக்கும் இணைப்புத் தகடுகளும் உள்ளவற்றில், அந்த மாதிரிக்கென்றே செய்யப்பட்ட மாற்றுத் தகடுகளைப் பொருத்தலாம். முன்பக்கத்தில் போர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்புகளைத் தளர்த்தி, குழாய்களை மேலே நகர்த்துவார்கள்.

இரண்டு பக்கங்களும் ஒரே அளவில் இறங்க வேண்டும். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன்போர்க்கின் சரிவு கூடி, வாகனம் திரும்ப மந்தமாகும். முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணுக்கு அடிக்கும். முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் வேகத்தில் ஹான்டில் நிலைகொள்ளாது. 25 மி.மீ. அளவோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. பல்சர் 150 இன் அடிப்பகுதிக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி 165 மி.மீ. அதில் 25 மி.மீ. குறைந்தால் வேகத்தடைகளிலும் புகையிரதக் கடவைகளிலும் அந்த வித்தியாசம் தெரியும்.

வேலை முடிந்ததும் சரிபார்க்க வேண்டியவை:

• பக்க ஸ்டாண்ட்: அதை வெட்டிக் குறைக்காவிட்டால் வாகனம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். சிறிய தட்டுப்பட்டாலும் மறுபக்கம் விழும். நடு ஸ்டாண்டில் ஏற்றுவதும் கடினமாகும்.
• முழுமையாக அமுங்கும்போது டயர் மட்கார்ட்டிலோ வேறு பாகத்திலோ முட்டக்கூடாது.
• செயினின் தளர்வை மீண்டும் சரிசெய்ய வேண்டும்.
• ஹான்டிலை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பும்போது வயர்களும் பிரேக் குழாய்களும் இழுபடக்கூடாது.
• முன்விளக்கின் கோணம்.

பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். பதித்த சஸ்பென்ஷனில் அமுங்குவதற்கு எஞ்சியிருக்கும் தூரம் குறைவு. இருவரின் எடையில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது படியை மீண்டும் கூட்ட வேண்டிவரும். உயரமும் ஓரளவு திரும்பிவிடும்.

செய்யவே கூடாதவை

ஸ்பிரிங்கின் சுற்றுகளை வெட்டுவது, தீயில் காய்ச்சிச் சுருக்குவது, முன்போர்க்கில் எண்ணெயைக் குறைப்பது ஆகிய மூன்றும் மலிவான வழிகளாகச் சொல்லப்படுகின்றன. வெட்டிய ஸ்பிரிங் முன்பைவிடக் கடினமாகும். சில்லு தொங்கும் நிலையில் தன் இடத்தில் இறுக்கமாக நிற்காமலும் போகலாம். காய்ச்சிய ஸ்பிரிங் உரம் இழந்து, ஓட்டத்தில் உடையக்கூடும். எண்ணெயைக் குறைத்தால் உயரம் நிரந்தரமாகக் குறையாது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் கட்டுப்பாடின்றிக் குத்தும்.

மாற்றம் செய்த வாகனத்தை முதலில் வெறிச்சோடிய இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்து, வளைத்துப் பார்க்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கழற்றிய பழைய பாகங்களைப் பத்திரப்படுத்தினால், விற்கும்போது மீண்டும் பொருத்திக் கொடுக்கலாம். 25 மி.மீ. குறைத்த பின்னரும் கால் எட்டவில்லையென்றால், இன்னும் பதிப்பதில் பயனில்லை. அந்தப் பணத்தை உயரம் குறைந்த வேறொரு மோட்டார் சைக்கிளுக்கோ, காலைத் தூக்காமலே ஏறக்கூடிய ஸ்கூட்டருக்கோ சேர்த்து வைப்பதே நல்லது.