குகைத் தோழர்களின் வெள்ளிக்காசு

ஜும்ஆ நாளில் ‘அல்கஹ்ஃபு’ அத்தியாயத்தை ஓதுவது நம் முன்னோர் பேணிவந்த நற்பழக்கம். பாப்பாரப்பட்டி போன்ற சிற்றூர்களிலும் வெள்ளிக்கிழமைகளில் அந்த ஓசையைக் கேட்கலாம். இணைவைப்போருக்கு அஞ்சிக் குகையில் ஒதுங்கிய வாலிபர்கள் நெடுந்துயில் நீங்கி எழுகிறார்கள். தம்முள் ஒருவரிடம் காசைக் கொடுத்துத் தூய உணவு வாங்கிவர நகருக்கு அனுப்புகிறார்கள். இதைக் கூறும் 19ஆம் வசனத்தில் ‘வரிக்’ என்னும் சொல் வருகிறது. வெள்ளிக்காசு என்பது அதன் பொருள். மதரஸாவில் இவ்வசனத்தை விளக்கும்போதெல்லாம், அக்காசில் யாருடைய உருவம் இருந்திருக்கும் என்ற வினா என் உள்ளத்தில் எழுவதுண்டு. அவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றால் உரோமப் பேரரசின் சமய வரலாறு முழுவதும் நம் கண்முன் விரிகிறது.

விரிவுரையாளர்கள் பலர் அக்கொடிய மன்னனைத் ‘தக்யானூஸ்’ என்பர். கி.பி. 249 முதல் 251 வரை ஆண்ட உரோமப் பேரரசன் தேசியஸே அவன். ஏழு வாலிபர் எஃபேசு நகரக் குகையில் துயின்ற கதையை, 521இல் மறைந்த சுரியானிப் புலவர் ஸரூஜ் நகர் யஃகூபும் பாடியிருக்கிறார். திருக்குர்ஆனோ மன்னன் பெயரையும் சொல்லவில்லை, ஊரின் பெயரையும் சொல்லவில்லை. இந்நிகழ்ச்சி கிறிஸ்தவ சமயத்துக்கும் முற்பட்டதாகலாம் என்பது இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்களின் கருத்து. ஆகவே பெயரை அறுதியிட்டுரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் தேசியஸ் இழைத்த கொடுமை ஐயத்துக்கு இடமின்றி நிகழ்ந்த ஒன்று. அதனை அறிவது அந்த வாலிபர்களின் அச்சத்தை உணர நமக்குத் துணைசெய்யும்.

கிரேக்கரும் உரோமரும் பல தெய்வங்களை வணங்கினர். கிரேக்கரின் ஸீயஸும் உரோமரின் ஜூபிடரும் ஒன்றே என்று இணைத்துக்கொண்டனர். எகிப்தின் ஐசிஸுக்கும் உரோம நகரில் கோயில் எழுந்தது. எத்தனை தெய்வங்கள் வந்தாலும் இடமுண்டு என்ற சமயம், ஹழ்ரத் ஈஸா (அலை) அவர்களின் பெயர் கூறிய கூட்டத்தாரை மட்டும் ஏன் துன்புறுத்தியது? புதுத் தெய்வம் ஒன்று வந்தது என்பதன்று காரணம். மற்றத் தெய்வங்களை வணங்க மாட்டோம் என்று அவர்கள் மறுத்ததே காரணம். வழிபாடு அரசுக்கு விசுவாசம் காட்டும் அடையாளமாக இருந்தது. இறந்த பேரரசர்களைச் செனட் சபை தெய்வங்களாக அறிவித்தது. 112ஆம் ஆண்டளவில் ஆளுநர் பிளினி, குற்றம் சாட்டப்பட்டோர் முன் தெய்வச் சிலைகளோடு பேரரசன் திராஜனின் உருவத்தையும் வைத்து, தூபமும் மதுவும் படைக்கச் செய்து சோதித்தான். மறுத்து நின்றோருக்கு மரணம் காத்திருந்தது.

அந்தத் தெய்வ அரசர்களின் முகம் நம் நாட்டு மண்ணிலும் கிடைத்திருக்கிறது. வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி எனக் கொங்கு நாட்டு ஊர்களில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. மிளகு வாணிபம் செழித்த முசிறித் துறையருகே அகஸ்டஸுக்கு ஒரு கோயிலே இருந்ததாகப் பழைய உரோம நிலப்படம் ஒன்று குறிக்கிறது. திபேரியஸின் காசில் ‘தெய்வ அகஸ்டஸின் மகன்’ என்ற பொருளுடைய சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சீசருக்கு வரி செலுத்தலாமா என்ற வினா எழுந்தபோது ஈஸா (அலை) அவர்கள் ஒரு காசைக் கொணரச் செய்து, இதில் யாருடைய உருவம் என்று வினவியதாக இன்ஜீல் ஏடுகள் கூறும். அக்காசு இந்த வகையினதே என்பது நாணய ஆய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவும் கருத்து. கொங்கு நாட்டு வணிகன் மிளகுக்கு விலையாகப் பெற்றதும், யூத நாட்டு ஏழை வரியாகச் செலுத்தியதும் ஒரே காசு போலும்!

இனி தேசியஸின் காலத்துக்கு வருவோம். முன்னைய தெய்வ அரசர்களின் உருவங்களை மீண்டும் காசில் பொறித்தவன் அவனே என்பர். குடிமக்கள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றுச் சீட்டும் பெறவேண்டும் என்று அவன் ஆணையிட்டான். எகிப்தின் மணலில் அச்சீட்டுகளுள் நாற்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண்ணுக்கு வழங்கப்பட்டது. தெய்வத் தொண்டே தொழிலாகக் கொண்டவளும் சீட்டுப் பெறவேண்டியிருந்தது என்றால், அரசு தேடியது பக்தியையன்று, கீழ்ப்படிதலையே என்பது தெளிவன்றோ?

313இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுரிமை அளித்தனர். அன்று மகிழ்ந்தோரின் பேரர்கள் செய்தது என்ன? 380இல் தியோடோசியஸ் திரித்துவக் கொள்கையையே யாவருக்கும் உரிய சமயமாக அறிவித்தான். 391இல் பழைய வழிபாடு தடைசெய்யப்பட்டது. அதையொட்டி இஸ்கந்தரிய்யாவின் ஸெராப்பிஸ் கோயில் இடிக்கப்பட்டது. 388இல் யூப்ரட்டீஸ் நதிக்கரையிலுள்ள கல்லினிக்கம் நகரில் கிறிஸ்தவக் கூட்டம் யூத ஆலயத்தை எரித்தது. அதைத் திரும்பக் கட்டித்தர வேண்டுமென்று பேரரசன் ஆணையிட்டபோது, மிலான் நகரப் பேராயர் அம்புரோஸ் எதிர்த்து நின்று ஆணையைக் கைவிடச் செய்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 384இல், செனட் மண்டபத்திலிருந்து அகற்றப்பட்ட பலிபீடத்தைத் திரும்ப வைக்கக் கோரி விண்ணப்பித்த சிம்மாக்கஸ் என்னும் உரோமர், பரம்பொருளின் மறைபொருளை அடைய ஒரே வழிதானா உண்டு என்று கெஞ்சினார். அவரது பல தெய்வக் கொள்கை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் கெஞ்சுவோரும் ஆணையிடுவோரும் இடம் மாறிவிட்டதை இங்கே காண்கிறோம்.

நஸாராக்களைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. ‘தீனார்’ என்ற சொல்லே உரோமரின் ‘தெனாரியஸ்’ என்பதிலிருந்து வந்ததுதான். ஹிஜ்ரி 77இல் கலீஃபா அப்துல் மலிக் அந்தத் தங்கக்காசிலிருந்து உருவத்தை நீக்கிக் கலிமாவைப் பொறித்தார். அரசனின் முகம் போய் அல்லாஹ்வின் திருநாமம் வந்தது, மாபெரும் மாற்றம். ஆனால் காசில் எழுத்து மாறிய அளவில் காசை வைத்திருப்போரின் உள்ளம் மாறிவிடுமா? ஹிஜ்ரி 218இல், அதாவது கி.பி. 833இல், கலீஃபா மஃமூன் குர்ஆன் படைக்கப்பட்டது என்னும் கொள்கையை ஏற்குமாறு உலமாக்களைக் கட்டாயப்படுத்தினார். மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சிறையில் வாடினார்கள். அடுத்து வந்த முஃதஸிமின் ஆட்சியில் சவுக்கடி பட்டார்கள். கலிமா பொறித்த காசு புழங்கிய நாட்டில்தான் இது நடந்தது.

மார்க்கத்தின் பேரால் எவரையும் வற்புறுத்தலாகாது என்பது அல்பகறா அத்தியாயத்தின் 256ஆம் வசனம் விதிக்கும் நெறி. மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிபடாமல் காக்கப்படுவதை அல்ஹஜ்ஜு அத்தியாயத்தின் 40ஆம் வசனம் ஒருசேர வைத்துப் பேசுகிறது. குகைத் தோழர்கள் எதற்கு அஞ்சினார்கள்? ஊரார் கண்டுகொண்டால் கல்லால் எறிவார்கள், அல்லது தங்கள் மார்க்கத்துக்கு வலிந்து திருப்பிவிடுவார்கள் என்றே அஞ்சினார்கள். அல்கஹ்ஃபின் 20ஆம் வசனம் இதைத் தெளிவாகக் கூறுகிறது.

வாரந்தோறும் இவ்வசனத்தை ஓதும் நாம், நம்மைக் குகையில் இருந்தவர்களின் இடத்தில் வைத்தே எண்ணிப் பழகிவிட்டோம். சிறுபான்மையாய் வாழும் நமக்கு அது இயல்பே. ஆனால் நம் வீட்டில், நம் ஜமாஅத்தில், நம் சொல் செல்லும் இடத்தில் மாற்றுக் கருத்துடைய ஒருவர் நிற்கும்போது, நாம் குகையில் இருக்கிறோமா, நகரில் இருக்கிறோமா? அடுத்த ஜும்ஆவில் அந்த வசனத்தை ஓதும்போது இக்கேள்வியையும் நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக. நேர்வழி காட்டுபவன் அல்லாஹ் ஒருவனே.