உரோமையின் ரபி எலியோ தோவாஃப்: ஐம்பது ஆண்டுகள் ஒரே மந்தையுடன்

இயேசுவை முதன்முதலில் பின்தொடர்ந்த சீடர்கள் அவரை 'ரபி' என்றே அழைத்தார்கள் (யோவான் 1:38). போதகர் என்பது அதன் பொருள். யூத மக்கள் இன்றும் தங்கள் சமயத் தலைவர்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான எலியோ தோவாஃப், உரோமை நகரின் தலைமை ரபியாக 1951 முதல் 2001 வரை பணியாற்றியவர். திருத்தந்தையின் நகரிலேயே வாழ்ந்த இந்த யூதக் குருவின் வாழ்வு கத்தோலிக்கர்களாகிய நமக்கும் பாடமாக உள்ளது.

1915ம் ஆண்டு ஏப்ரல் 30ம் நாள் இத்தாலியின் துறைமுக நகரான லிவோர்னோவில் பிறந்தார் தோவாஃப். தந்தையும் ரபியே. மகனோ சமயக் கல்வியுடன் பீசா பல்கலைக்கழகத்தில் சட்டமும் பயின்றார். 1938ல் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 1941ல் ஆங்கோனா நகரின் ரபியான அவர், 1943ல் செர்மானியப் படைகள் இத்தாலியைக் கைப்பற்றியபோது குடும்பத்துடன் தலைமறைவானார். பின்னர் நாத்சி எதிர்ப்புப் போராளிகளுடன் சேர்ந்தார். 1944 ஆகஸ்ட் 12ம் நாள் சாந்தான்னா தி ஸ்டாட்செமா என்ற மலைக்கிராமத்தில் நாத்சிப் படையினர் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்று குவித்தனர். அந்தப் படுகொலைக்குப் பின் அங்கே கிடந்த உடல்களைத் தம் கண்களால் கண்டவர் தோவாஃப்.

போருக்குப்பின் வெனிஸ் நகரில் பணியாற்றிவிட்டு, 1951ல் உரோமை வந்தார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது காயப்பட்ட ஒரு சமூகம். 1943 அக்டோபர் 16ம் நாள் உரோமை யூதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டு, அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அவர்களில் உயிருடன் திரும்பியவர்கள் 16 பேர் மட்டுமே. 1945ல் அச்சமூகத்தின் தலைமை ரபியாக இருந்த இஸ்ரயேல் சோல்லி கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். நமக்கு அது மகிழ்ச்சியான செய்தியாகத் தோன்றலாம். துயரத்தில் இருந்த அம்மக்களுக்கோ, மேய்ப்பர் தங்களை விட்டுப் போன வேதனை அது. அத்தகைய மக்களோடு தோவாஃப் ஐம்பது ஆண்டுகள் தங்கினார். இதுவே அவர் தம் சமூகத்திற்கு அளித்த முதல் கொடை.

இரண்டாவது கொடை, அவர் கதவை அடைக்காமல் வைத்திருந்தது. புனித வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து நெடுங்காலம் வழங்கிவந்த, 'நம்பிக்கைத் துரோகிகள்' என்று பொருள் கொள்ளப்பட்ட அடைமொழியை 1959ல் திருத்தந்தை 23ம் ஜான் நீக்கினார். 1962ல் ஓர் ஓய்வுநாளில் அதே திருத்தந்தை, உரோமைத் தொழுகைக்கூடத்தின் முன் தம் வாகனத்தை நிறுத்தச் சொல்லி, வெளியே வந்துகொண்டிருந்த யூத மக்களை ஆசீர்வதித்தார். அந்த நிகழ்வை நினைவுகூர்ந்து பிறருக்குச் சொன்னவர் தோவாஃப். 1963ல் அந்தத் திருத்தந்தை மரணப்படுக்கையில் கிடந்தபோது, தம் மக்களுடன் புனித பேதுரு வளாகத்திற்குச் சென்று அவருக்காகச் செபித்தவரும் இவரே.

1982 அக்டோபர் 9ம் நாள் அந்தத் தொழுகைக்கூடத்தின்மீது பயங்கரவாதிகள் தாக்குதல் நடத்தினர். இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. 37 பேர் காயமடைந்தனர். அச்சமும் கோபமும் நிறைந்திருந்த அதே இடத்தில்தான், மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1986 ஏப்ரல் 13ம் நாள், திருத்தந்தை 2ம் ஜான் பால் அவர்களைத் தோவாஃப் வரவேற்றார். இருவரும் ஆரத்தழுவிக்கொண்டனர். யூதர்களை நம் மூத்த சகோதரர்கள் என்று திருத்தந்தை அழைத்தார். தோவாஃபும் இனிய சொற்களை மட்டும் பேசிவிட்டு அமரவில்லை. யூத மக்கள் தங்கள் நாட்டிற்குத் திரும்பி வந்ததை உலகம் ஏற்க வேண்டும் என்று தம் உரையில் வெளிப்படையாகக் கேட்டார். வத்திக்கானும் இஸ்ரயேலும் ஒன்றையொன்று ஏற்று உடன்பாடு செய்துகொண்டது 1993ன் இறுதியில்தான். உண்மையான நட்பில் உண்மையும் பேசப்படும் என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்கிறோம்.

1987ல் வெளிவந்த தம் வாழ்க்கை நினைவுகளுக்கு அவர் வைத்த தலைப்பில் பழைய அடைமொழியும் 'மூத்த சகோதரர்கள்' என்ற புதிய சொல்லும் அருகருகே இடம்பெற்றன. காயத்தை அவர் மறைக்கவில்லை, மன்னிப்பின் வாசலையும் மூடவில்லை. திருத்தந்தை 2ம் ஜான் பால் தம் ஆன்மீக உயிலில் உரோமையின் ரபியை நன்றியோடு நினைவுகூர்ந்தார். அந்த உயிலில் குறிப்பிடப்பட்டவர்களில் அப்போது உயிரோடிருந்தோர் மிகச் சிலரே.

2001ல் ஓய்வுபெற்ற தோவாஃப், 2015 ஏப்ரல் 19ம் நாள், நூறு வயது நிறைய 11 நாள்களே இருக்கையில் இறைவனடி சேர்ந்தார். அவரது உடல் சொந்த ஊரான லிவோர்னோவில் அடக்கம் செய்யப்பட்டது.

அன்பு இறைமக்களே, ஒவ்வோர் ஆண்டும் புனித வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளை வாசிக்கக் கேட்கிறோம். 'யூதர்கள்' என்ற சொல் காதில் விழும்போது நம் உள்ளத்தில் எழுவது என்ன? அடுத்து வரும் பொது மன்றாட்டில் அம்மக்களுக்காக முழந்தாளிடும்போது, வெறுப்பின் நடுவே கதவைத் திறந்து வைத்த இந்த ரபியை நினைத்துக்கொள்வோம். நம் ஊரில், நம் தெருவில், நம்மால் காயப்பட்டவரும் நம்மைக் காயப்படுத்தியவரும் இருக்கக்கூடும். அவர்களுக்காக நம் கதவும் திறந்திருக்கட்டும்.