கார்த்திகை இரவும் கூரை வீடும்

அயர்லாந்து முதலிய தேசங்களில் அக்டோபர் 31 இரவில் ஆவிகள் வீட்டை அண்டாதிருக்கும் பொருட்டு, முகம் செதுக்கிய காய்களுக்குள் விளக்கேற்றி வாசலில் வைப்பார்கள்; விருத்தாசலத்தை அடுத்த மங்களூர் வட்டாரத்திலும், தமிழ்நாட்டின் பிற கிராமங்களிலும், கார்த்திகைப் பௌர்ணமியன்று இருளை விரட்ட வாசலில் அகல் வைப்பது அதனினும் தொன்மையான வழக்கம் என்பதற்கு அகநானூற்றின் 141-ஆம் பாட்டே சாட்சி.

ஆயினும் பனையோலையும் வைக்கோலும் வேய்ந்த வீடுகளே மிகுந்திருந்த காலத்தில், அந்த இரவின் உண்மையான பயம் பேயன்று, தீயே. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, உப்புடன் பொடித்து, துணியில் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளின் நடுவே செருகி, நெருப்பிட்டுக் கயிற்றால் சுழற்றும் மாவலியின் பொறிகள் பூமாரி போலச் சொரியும். அந்த அழகுக்கு ஈடான வாணத்தை நான் கண்டதில்லை. ஒரு பொறி கூரைச் செத்தையில் தங்கினால் தெருவே சாம்பலாகும். ஆதலால்தான் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பினர். அன்று கொளுத்தும் பனைமரக் கம்பமான சொக்கப்பனையையும் கோயில் முன்புறத் திறந்தவெளியில் நட்டனர். மழைக்காலத்தில் கூரை நனைந்திருப்பதும் ஒரு துணை. மழை பொய்த்த ஆண்டிலோ ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டியிருந்தது.

2010-இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தால் குடிசைகள் பல கான்கிரீட் வீடுகளாயின. ஆனால் கூரை மாறினாலும், அகல் சுடரில் தீப்பற்றக்கூடிய குழந்தையின் பாவாடை மாறவில்லை. குழந்தைக்குப் பருத்தி ஆடை உடுத்தி, அகலருகே வாளியில் தண்ணீர் நிறைத்து, பெரியவர் ஒருவர் உடன் நிற்பதைப் பெற்றோர் இன்றும் கைவிடலாகாது.