‘பந்து உங்கள் கோர்ட்டில்’ என்றால் நீதிமன்றமா? – அறிந்திருக்க வேண்டிய ஆங்கில மரபுத்தொடர்கள்

தீவகத்தில் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் நடந்த படை நடவடிக்கைகளால் புளியங்கூடலும் அயல் ஊர்களும் இடம்பெயர்ந்தன. அந்தக் குடும்பங்கள் இன்று ஊரிலும் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலுமாகச் சிதறியுள்ளன. அகதிக் கோரிக்கை, காணாமல் ஆக்கப்பட்டோர் விவகாரம் என எமது வாழ்வைத் தீர்மானிக்கும் கடிதங்களும் அறிக்கைகளும் பல வேளைகளில் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அவற்றிலுள்ள மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் தவறிவிடும். அடிக்கடி எதிர்ப்படும் சில இங்கே.

த பால் இஸ் இன் யுவர் கோர்ட்: ‘கோர்ட்’ என்றதும் நீதிமன்றம் என அஞ்ச வேண்டாம். இது டென்னிஸ் ஆடுகளம். அடுத்த நடவடிக்கையை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்பதே பொருள். உங்கள் சட்டத்தரணி இப்படி எழுதினால், அவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

இன் லிம்போ: முடிவு தெரியாமல் இடைநடுவில் நிற்பது. விளிம்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘மதில்மேல் பூனை’ இதற்குப் பொருந்தாது. பூனை தானே முடிவெடுக்காமல் இருக்கிறது, இங்கே முடிவு பிறர் கையில். ‘திரிசங்கு நிலை’ என்பதே சரி.

டேர்ன் எ பிளைண்ட் ஐ: கண்டும் காணாததுபோல் இருத்தல். 1801 இல் கோப்பன்ஹேகன் கடற்சமரில், பின்வாங்கச் சொல்லும் சைகையைப் பார்க்க மறுத்த நெல்சன், தொலைநோக்கியைத் தன் பார்வையற்ற கண்ணில் வைத்தார் என்ற கதையுடன் இதைத் தொடர்புபடுத்துவர். இதில் அறியாமை இல்லை, தெரிந்தே ஒதுங்குதல் இருக்கிறது.

பாஸ் த பக்: பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுதல். இந்த ‘பக்’ டொலர் அல்ல. சீட்டாட்டத்தில் கைமாறும் ஓர் அடையாளப் பொருள்.

லிப் சர்வீஸ்: உதட்டளவு ஆதரவு, செயல் இல்லாத பேச்சு. 2015 ஒக்டோபரில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை இணை அனுசரணை வழங்கியது. 2020 பெப்ரவரியில் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. இத்தகைய வேளைகளில் விமர்சகர்கள் கையாளும் தொடர் இது.

லீவ் நோ ஸ்டோன் அன்டேர்ன்ட்: ஒரு கல்லையும் புரட்டாமல் விடாது தேடுதல், அதாவது எல்லா வழிகளிலும் முயலுதல். இது வாக்குறுதியாக வரும்போது, எந்தெந்தக் கல் புரட்டப்பட்டது என நாமும் கேட்கலாம்.

எமது மொழியிலும் இதே சிக்கல் உண்டு. ‘வயிறு எரியுது’ என்ற தாயின் சொல்லை அப்படியே பெயர்த்தால் அவரது துயரம் வயிற்று நோயாகிவிடும். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் ‘பறிகொடுத்தேன்’ என்றால், கேட்பவர் அதை மரணம் என்று பதியக்கூடும்.

ஆகவே சாட்சியத்திலும் விண்ணப்பத்திலும் மரபுத்தொடர் வேண்டாம். யார், எப்போது, எங்கே, என்ன கண்டீர்கள் என நேராகச் சொல்லுங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின்பே கையொப்பமிடுங்கள். விளங்காத தொடர் வந்தால், எளிய சொற்களில் விளக்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.